மேலாளர் நல்லவராக இருந்தால் போதாதா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. உங்கள் மேலாளர் கறார் பேர்வழி, சிரிப்பதே அபூர்வம். ஆனால் அவர் பிரிவில் இதுவரை ஒரு தில்லுமுல்லும் நடந்ததில்லை. பக்கத்துப் பிரிவின் மேலாளர் தங்கமான மனிதர், ஒருவரையும் கடிந்து பேசமாட்டார். பொய்க்கணக்கு பிடிபட்டது அங்கேதான். இப்போது உங்கள் கையிலேயே எட்டுப் பேர் கொண்ட ஒரு டீமைக் கொடுத்திருக்கிறார்கள். தலைமைப் பாணிக்கும் ஊழியர்களின் நேர்மைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, உண்டென்றால் இந்த இருவரில் யாரைப் போல இருப்பது என்று கேட்கிறீர்கள். பாணியைப் பற்றிக் கேட்டாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன்: மேலாளர் நல்லவராக இருந்தால் போதாதா?

போதாது. இருபத்திரண்டு வருடம் உள்தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். தொழிற்சாலை, வங்கிக் கிளை, மருத்துவமனை, மென்பொருள் அலுவலகம் என்று பல இடங்களில் உட்கார்ந்து ஏடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தணிக்கைக்காரன் கண்ணில் படுவது பெரும்பாலும் உடைந்த பானைகள்தான். ஒழுங்காக நடக்கும் பிரிவுக்கு எங்களை யாரும் அவசரமாகக் கூப்பிடுவதில்லை. அதனால் என் அனுபவம் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆய்வுகள் சொல்வதோடு ஒத்துப்போகிற இடங்களில் மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்துப் பிரிவைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒரு கிடங்கு நினைவுக்கு வந்தது. காலாண்டுக்கு ஒருமுறை சரக்கை எண்ணி, தாளில் எழுதி, எண்ணியவரும் மேலாளரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருடத்தின் நான்கு தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. நிஜமாக எண்ணிய தாள் அப்படி இருக்காது. எண்ணும்போது யாராவது குறுக்கே பேசுவார்கள், மூலையில் ஒரு பெட்டி விட்டுப்போகும், 148 என்று எழுதியதை அடித்துவிட்டு 146 என்று போடுவார்கள், ஓரத்தில் தூசி படிந்த விரல் அடையாளம் இருக்கும். இந்தத் தாள்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. நான்கிலும் ஒரே மை, ஒரே சாய்வு. கிடங்குப் பக்கமே போகாமல், கணினியில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

திருட்டாக இருக்குமோ என்று தோண்டிப் பார்த்தோம். யாரும் ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. முதல் தடவை ஒழுங்காக எண்ணியபோது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதை எழுதினால் மேலாளர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். "சார் ரொம்ப நல்லவர், அவருக்கு எதுக்கு தலைவலின்னு விட்டுட்டோம்" என்றார் அந்த ஊழியர், தலையைக் குனிந்துகொண்டே. மேலாளர் பொய் எழுதச் சொன்னாரா? இல்லை. "எண்ணினீங்களா?" என்று கேட்டாரா? அதுவும் இல்லை. தாள் வந்தது, நன்றி சொன்னார், கையெழுத்துப் போட்டார். நான்கு தடவையும்.

அன்பான தலைமையின் கீழ் நடக்கிற தப்புக்கு இது ஒரு நல்ல மாதிரி. அங்கே யாரும் தனக்காகப் பொய் சொல்வதில்லை. தலைவருக்காக, பிரிவுக்காக, நிறுவனத்துக்காகச் சொல்கிறார்கள். இந்த வகைத் தவறைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர்கள் உண்டு. 2010இல் எலிசபெத் அம்ப்ரெஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நிறுவனத்தோடு தன்னை ஒன்றாக நினைக்கிற ஊழியர், அதோடு 'எனக்கு நல்லது செய்தவர்களுக்கு நான் திருப்பிச் செய்ய வேண்டும்' என்ற எண்ணமும் வலுவாக உள்ளவரானால், நிறுவனத்துக்கு ஆதாயமான தவறுகளில் இறங்க அதிக வாய்ப்பு இருப்பதாகக் கண்டார்கள். விசுவாசம் நல்ல குணம்தான். அதற்கு எல்லை எது என்று ஒருவரும் சொல்லித் தராதபோது, அது வவுச்சரில் போய் நிற்கிறது.

லிண்டா ட்ரெவினோவும் அவருடைய கூட்டாளிகளும் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு தலைவர் நேர்மையான மனிதராக இருப்பது ஒன்று. நேர்மையை நிர்வாகம் செய்பவராக இருப்பது இன்னொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால், அவர் நேர்மையானவர் என்பதே கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர் தவறாக எதுவும் செய்யாததை அவர்கள் பார்ப்பதில்லை, ஏனென்றால் செய்யாத ஒன்றைப் பார்க்க முடியாது. எதைப் பற்றிக் கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார், யாருக்குப் பதவி உயர்வு போகிறது, யார் செய்த தப்பு கண்டுகொள்ளாமல் விடப்படுகிறது, இவைதான் அவர்கள் கண்ணில் படும். உங்கள் பக்கத்துப் பிரிவு மேலாளர் இந்த ரகமாக இருக்கக்கூடும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

சரி, அப்படியென்றால் கறாராக இருந்துவிட்டால் போதுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கறாரில் இரண்டு வகை உண்டு. முடிவில் கறார் ஒன்று, வழியில் கறார் இன்னொன்று. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும்: அதே சிரிக்காத முகம், அதே நேரந்தவறாமை. ஆனால் முடிவில் மட்டும் கறாரானவர் வாயில் ஒரு சொல் அடிக்கடி வரும். "எப்படியாவது." மாதக் கடைசி மீட்டிங்கில், பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்குக் கதை வேண்டாம், எப்படியாவது முடிங்க" என்பார். சொல்பவர் மனதில் அது ஊக்கப்படுத்துவதற்கான சொல். கேட்பவர் காதில், 'வழியைப் பற்றி நான் கேட்கமாட்டேன்' என்ற வாக்குறுதியாக விழுகிறது. பொய்க்கணக்கு எழுதியவர்களிடம் "யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டால், பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இந்தச் சொல் மட்டும் ஏதாவது ஒரு வடிவத்தில் கிடைக்கும்.

இதற்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கியைவிடப் பெரிய பாடம் சமீப காலத்தில் இல்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று. ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்பது மேலிருந்து வந்த இலக்கு. கிளையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு குடும்பத்துக்கு எட்டுக் கணக்கு எங்கே போய் விற்பார்? வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்கு திறந்தார்கள், கார்டு வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது, அபராதம் 18.5 கோடி டாலர். அனுமதியின்றித் திறந்திருக்கக்கூடிய கணக்குகள் சுமார் 20 லட்சம் என்றார்கள், அடுத்த வருட மறுஆய்வில் அது சுமார் 35 லட்சமாக ஏறியது. விஷயம் வெடிப்பதற்கு முந்தைய சில வருடங்களில் ஏறக்குறைய 5,300 பேரை வங்கி வேலையைவிட்டு அனுப்பியிருந்தது. இந்த எண்ணைத்தான் நான் எப்போதும் சுட்டிக்காட்டுவேன். ஐந்து பேர் தப்பு செய்தால் ஆள் சரியில்லை எனலாம். ஐயாயிரம் பேர் ஒரே தப்பைச் செய்தால், அவ்வளவு கெட்டவர்களையும் தேடித்தேடியா வேலைக்கு எடுத்தார்கள்? தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ஃப் அந்த அக்டோபரிலேயே பதவி விலகினார்; 2020இல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும், வங்கித் துறையில் இனி வேலை பார்க்க முடியாதபடி தடையும் வந்தன. இத்தனைக்கும் அந்த வங்கியில் நெறிமுறைக் கையேடு இருந்தது, புகார் சொல்ல ஹாட்லைன் இருந்தது. அதில் பேசிய சிலர் தங்களுக்கே வேலை போனதாகப் பிறகு சொன்னார்கள்.

இலக்கு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2004இல் மாரிஸ் ஷ்வைட்சர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எழுத்துகளைக் கொடுத்து அவற்றிலிருந்து சொற்களை உருவாக்கச் சொன்னார்கள். எத்தனை உருவாக்கினோம் என்று பங்கேற்றவர்களே எண்ணிச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட இலக்கு கொடுக்கப்பட்டவர்களில், அதை எட்டாதவர்கள், 'உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாகப் பொய் சொன்னார்கள். அதிலும் இலக்குக்கு மிக அருகில் வந்து நின்றவர்களிடம் அந்தச் சபலம் கூடுதலாக இருந்தது. ஏடுகளில் நான் கண்டதும் இதுதான். இலக்கை நூறு மைல் தள்ளி விட்டவர் கைவிரித்துவிடுவார். இரண்டே இரண்டு குறைகிறவர்தான் அடுத்த மாத ஆர்டரை இந்த மாதத் தேதியில் எழுதுவார். நீங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும்போது, கடைசி நாளில் சரியாக இலக்கைத் தொட்டு நிற்கிற எண்களைக் கொஞ்சம் அன்போடு சந்தேகப்படுங்கள்.

கறாரைப் பற்றி இன்னொன்றும் இருக்கிறது. 1939இல் உளவியலாளர் கர்ட் லூவினும் கூட்டாளிகளும் பத்து வயதுச் சிறுவர்களின் கைவினைக் குழுக்களில் மூன்று விதத் தலைமையை ஒப்பிட்டார்கள்: அதட்டி வேலை வாங்குவது, கலந்து பேசி நடத்துவது, எதிலும் தலையிடாமல் விடுவது. அதட்டி நடத்திய குழுக்களில் தலைவர் அறையைவிட்டுப் போனதும் வேலை சரிந்தது. கலந்து பேசிய குழுவில் பெரிதாக மாறவில்லை. அந்தச் சோதனை அளந்தது வேலையையும் சண்டை சச்சரவையும்தான், நேர்மையை அல்ல. சிறுவர்களிடம் கண்டதை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. ஆனாலும் உங்கள் கறார் மேலாளரைப் பற்றி நான் கேட்க விரும்பும் கேள்வி அதில் இருக்கிறது. அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனால் உங்கள் பிரிவில் என்ன நடக்கிறது? ஒன்றும் மாறவில்லையென்றால், உங்களைக் கட்டிவைத்திருப்பது அவர் முகத்தின் மேலுள்ள பயம் இல்லை.

பயத்தைப் பற்றிப் பேசும்போது ஏமி எட்மண்ட்சனைச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தவர். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவுகளில் அங்கேதான் தவறு அதிகமாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தபோது விளங்கியது: அந்த வார்டுகளில் தவறுகளை வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். 1996இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகு என் தொழிலையே நான் செய்யும் விதம் மாறியது. அதுவரை புகாரே இல்லாத பிரிவைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். இப்போது வயிற்றைக் கலக்குகிறது. ஒரு பிரிவுக்குப் போனால் நெறிமுறைக் கையேட்டைக் கேட்பதற்கு முன்னால், அங்கே இருக்கிற ஆகக் கடைசி நிலை ஊழியரிடம், "கடைசியாக உங்க சார்கிட்ட ஒரு கெட்ட சேதி எப்போ சொன்னீங்க? அவர் என்ன சொன்னார்?" என்று கேட்கிறேன். உடனே பதில் வந்தால் பயமில்லை. "கெட்ட சேதியா? அப்படி எதுவும் இங்க வர்றதில்லையே" என்று வந்தால், அன்று மாலை வீட்டுக்குத் தாமதமாகத்தான் போவேன்.

'அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி' என்று உங்கள் கேள்வியின் முடிவில் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மேலே நேர்மை குலைந்தால் கீழே எழுதி ஒட்டிய விதிகள் செல்லாக்காசாகிவிடும் என்பது சரி. அமெரிக்காவின் என்ரான் எரிசக்தி நிறுவனத்தில் பக்கம் பக்கமாக நெறிமுறை இருந்தது; நிதித் தலைமை அதிகாரி தானே நடத்தும் கூட்டு நிறுவனங்களோடு என்ரான் வியாபாரம் செய்வதற்காக, 1999இல் இயக்குநர் குழுவே அந்த நெறிமுறையிலிருந்து விலக்கு கொடுத்தது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. ஆனால் ஊழியருக்கு அரசன் யார்? ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் பேசுகிற தலைமை நிர்வாகி அவருக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. விடுப்புக்குக் கையெழுத்துப் போடுகிறவர்தான் அரசன். மேலிடத்தின் நேர்மை அந்தந்தப் பிரிவு மேலாளர் வழியாகச் சொட்டுச்சொட்டாகத்தான் இறங்குகிறது என்று 2009இல் டேவிட் மேயர் குழுவினர் காட்டினார்கள். நடுவில் ஒருவர் அடைத்துக்கொண்டால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே வராது. எட்டுப் பேருக்கு இனிமேல் நீங்கள்தான் அந்த நடு ஆள்.

குடிகள் ஒருவரையொருவர் பார்த்தும் நடப்பார்கள் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களின் தொடக்கத்தில் செய்த சோதனை பலருக்குத் தெரியும். சோதனைக்கூடத்தின் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவர் சொன்னதற்காக, 40 பேரில் 26 பேர் அடுத்த அறையில் இருந்தவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்தினார்கள். அதே சோதனையின் வேறு வடிவங்களை அதிகம் பேர் பேசுவதில்லை. உத்தரவு போட்டவர் நேரில் இல்லாமல் தொலைபேசியில் சொன்னபோது, கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு சகாக்கள் 'நாங்கள் செய்யமாட்டோம்' என்று எழுந்தபோது, 40 பேரில் நான்கு பேர்தான் கடைசிவரை போனார்கள். ஒரு டீமில் "இது சரியில்லையே" என்று முதலில் சொல்கிற ஆளின் விலை அவ்வளவு. அந்த ஆளை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் வாயடைக்கிற தலைவர், தனக்குத் தெரியாமலேயே மற்ற ஏழு பேரையும் வாயடைக்கிறார்.

இதுவரை சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம்? தலைவர் தவறை எப்படி எதிர்கொள்கிறார், எதற்குப் பரிசு கொடுக்கிறார் என்பது ஊழியர் நடத்தையோடு சேர்ந்தே போகிறது. இது பல நாடுகளில், பல தொழில்களில் திரும்பத்திரும்பக் கண்டது, உறுதியாக நம்பலாம். இந்தப் பாணி நல்லது, அந்தப் பாணி கெட்டது என்று பெயர் சூட்டி வரிசைப்படுத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நெறிசார் தலைமை, உருமாற்றத் தலைமை, சேவைத் தலைமை என்று பெயர் வைத்த பாணிகளை அளக்கும் கேள்வித்தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. பெரும்பாலான ஆய்வுகளில் ஊழியரிடமே மேலாளரைப் பற்றியும் கேட்கிறார்கள், பிரிவின் நடத்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். மேலாளரைப் பிடித்தவர் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிடுவார். ஒழுங்கான ஆட்கள் வாய்த்ததால் மேலாளர் நல்லவராகத் தெரிகிறாரா, மேலாளரால் ஆட்கள் ஒழுங்கானார்களா என்று பிரிப்பதும் கடினம். யார் வந்தாலும் திருடுகிறவர், யார் சொன்னாலும் திருடாதவர் என்று இரண்டு ஓரங்களிலும் சிலர் இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நம் பேச்சு நடுவில் இருக்கிற பெரிய கூட்டத்தைப் பற்றி.

நேர்மையை நிர்வாகம் செய்வது களைப்பூட்டும் வேலை என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு நாள் மிகவும் நெறியோடு நடந்துகொண்ட மேலாளர்களில் சிலர் மறுநாள் ஊழியர்களிடம் எரிந்து விழுந்ததைக் கண்டார்கள். மனம் சோர்ந்துபோவது ஒரு காரணம்; 'நேற்றுதான் அவ்வளவு நல்லவனாக இருந்தேனே' என்ற உள்மனக் கணக்கு இன்னொரு காரணம். எனக்கு அது முழுக்கப் புரிந்தது.

என் முதல் மேலாளரைப் பற்றியும் சொல்கிறேன், நீங்கள் 'யாரைப் போல' என்று கேட்டதால். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அறுபது வவுச்சர்களைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் நாற்பதைப் பார்த்துவிட்டு அறுபதுக்கும் டிக் போட்டுவிட்டேன். நேரமில்லை, அன்றே அறிக்கை போக வேண்டும். அவர் என் தாளை எடுத்து, டிக் போட்டிருந்த ஒரு வவுச்சரைக் காட்டி, "இதில் யார் கையெழுத்து இருந்தது?" என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. கத்தவில்லை. "மீதி இருபதையும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் எனக்கு எதிரிலேயே தொலைபேசியை எடுத்து, எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, அறிக்கை இரண்டு நாள் தாமதமாகும் என்று சொன்னார். அந்த வருடம் என் இன்க்ரிமென்ட் குறைந்தது, காரணத்தையும் எழுதியே வைத்தார். அவர் அன்பானவரா கறாரானவரா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் எட்டுப் பேரிடம் நெறிமுறை பற்றி உரையாற்ற வேண்டாம். எண் மோசமாக வரும்போது "இது எப்படி ஆச்சு?" என்று எல்லா மேலாளர்களும் கேட்பார்கள், எண் நன்றாக வரும்போதும் அதே கேள்வியை, அதே குரலில் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் சந்தேகப்படுவதாக நினைத்து முகம் சுளிப்பார்கள். அதற்குள் யாராவது ஒருவர், பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குமேல், நீங்கள் பையை எடுக்கும் நேரத்தில், "சார், ஒரு விஷயம்…" என்று இழுத்துக்கொண்டு வந்து நிற்பார். பையைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள்.